வெக்டர் வளரும்போது பாதியில் எக்செப்ஷன்: ஸ்ட்ராங் கேரன்டி எப்படித் தருவது?

கேள்வி
சி++ல் வெக்டர் (தானாக வளரும் வரிசை) மாதிரி ஒரு கன்டெய்னர் எழுதுகிறேன். ஸ்ட்ராங் கேரன்டி வேண்டும், அதாவது சேர்ப்பது பாதியில் தோற்றால் எல்லாம் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். கொள்ளளவு 4 நிறைந்ததும் 8க்குப் புது பஃபர் எடுத்து, பழைய எலிமென்ட்களை மூவ் செய்துவிட்டு (காப்பி எடுக்காமல் உள்ளடக்கத்தையே இடம் மாற்றிவிட்டு), கடைசியில் புதியதைக் கட்டுகிறேன். மூன்றாவது எலிமென்டின் மூவ் கன்ஸ்ட்ரக்டர் த்ரோ செய்தால் பழைய பஃபரில் முதல் இரண்டும் காலி. கேட்ச் பிளாக்கில் அவற்றைத் திரும்ப மூவ் செய்தால் சரியாகுமா?

பதில் 1
ஆகாது. திரும்ப மூவ் செய்யும்போதும் த்ரோ ஆகலாமே, அப்போது எங்கே போவீர்கள்? சி++11 முதல் இதற்கென்றே மூவ்_இஃப்_நோஎக்செப்ட் இருக்கிறது. மூவ் கன்ஸ்ட்ரக்டர் நோஎக்செப்ட் (த்ரோ செய்யாது என்று அறிவிக்கப்பட்டது) என்றால் மூவ், இல்லையென்றால் காப்பி. காப்பி பாதியில் உடைந்தாலும் பழைய பஃபர் அப்படியே இருக்கும்.

பதில் 2
அதோடு வரிசையையும் மாற்றுங்கள். புது எலிமென்டை முதலில் புது பஃபரின் 4ஆம் இடத்தில் கட்டுங்கள், பிறகு 0 முதல் 3 வரை. இல்லையென்றால் யாராவது அதே வெக்டரின் முதல் எலிமென்டையே, கடைசியில் சேர்க்கும் புஷ்_பேக்குக்குக் கொடுத்தால், மூவ் ஆகிப்போன வெற்று ஆப்ஜெக்டிலிருந்து காப்பி எடுப்பீர்கள். இந்த பக் எக்செப்ஷனே இல்லாமலும் கடிக்கும்.

2ஆம் இடத்தில் த்ரோ ஆனால் அழிக்க வேண்டியவை 0, 1, அப்புறம் 4. அந்த 4ஐத்தான் பலரும் மறக்கிறார்கள், லீக் அங்கேதான். 2, 3க்கு டிஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள், அங்கே ஆப்ஜெக்டே கிடையாது. பிறகு பஃபரை விடுவித்து, வெறும் த்ரோ மட்டும் போடுங்கள்; கேட்ச் செய்த பெயரைச் சேர்த்து எழுதினால் எக்செப்ஷன் அடிப்படை வகைக்கு வெட்டுப்படலாம். உறுப்புப் பாயின்டர்களை எல்லாம் முடிந்த பிறகே மாற்றுங்கள்.

கேட்டவர்
காப்பியே டிலீட் செய்யப்பட்ட வகை, மூவும் த்ரோ செய்யும் என்றால்?

பதில் 1
மூவ்தான் நடக்கும், ஸ்ட்ராங் கேரன்டி போய்விடும். ஸ்டாண்டர்ட் வெக்டரும் அங்கே உறுதி எதுவும் தருவதில்லை. டாக்குமென்டில் எழுதிவிடுங்கள். நடுவில் இன்சர்ட் செய்வதற்கும் பேசிக் கேரன்டி (மதிப்புகள் மாறலாம், ஆனால் லீக் இல்லை, கன்டெய்னர் செல்லுபடியாகும் நிலையில் இருக்கும்) போதும்.

பதில் 3
டெஸ்ட்: n-ஆவது காப்பியில் த்ரோ செய்யும் ஒரு வகை, கூடவே உயிரோடிருக்கும் ஆப்ஜெக்ட்களின் எண்ணிக்கை. n=1 முதல் ஏற்றிக்கொண்டே போய், த்ரோ இல்லாமல் முடியும்வரை ஓட்டுங்கள். த்ரோ ஆகும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை, அளவு, மதிப்புகள் மூன்றும் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். அந்த வகையின் மூவுக்கு நோஎக்செப்ட் போட்டுவிடாதீர்கள். போட்டால் காப்பிப் பாதையே ஓடாது, டெஸ்ட் சும்மா பாஸாகும்.