கிணற்றடியைப் பார்க்கும் கமரா: படம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் தடுக்க வழி உண்டா?

கேட்பவர்: கோட்டையடி மகள், திருகோணமலை

பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. நான் இரவுக் கடமைக்குப் போகிறவள். வாரத்தில் மூன்று இரவு அம்மா தனியே இருப்பார். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் களவு போனதைக் கேள்விப்பட்டு, ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா காசு அனுப்பி இரண்டு கமரா பூட்டுவித்தார். ஒன்று கேற்றில், மற்றது குசினிப் பக்கத்துச் சுவரில். கள்ளர் குசினிக் கதவைத்தான் உடைப்பார்கள் என்று பூட்ட வந்த பையன் சொன்னான். அது சரிதான். ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே கிணறு இருக்கிறது.

அம்மா காலை ஆறு மணிக்குக் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். இங்கே ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் முதல்நாள் இரவு எட்டரை. அண்ணா வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் நேரம். அசைவு தெரிந்தவுடன் அவருடைய கைபேசி ஒலிக்கும். ஒருநாள் அம்மா பாசியில் வழுக்கி, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உடனே அண்ணா அழைத்து, "விழுந்துவிட்டீர்களா அம்மா?" என்று பதறினார். அவருடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, பேரப்பிள்ளைகளும் பார்த்திருப்பார்களா?"

மறுநாளிலிருந்து முழங்கால் வலியோடு வாளி வாளியாக அள்ளிக்கொண்டுபோய், வெளிச்சமில்லாத குளியலறையில் குளிக்கிறார். கமராவுக்குக் காதும் உண்டு என்று தெரிந்தபின் பக்கத்து வீட்டு மாமி வேலியருகே நின்று கதைப்பதும் நின்றுபோனது.

ஒலிவாங்கியை நிறுத்தலாம் என்று பார்த்தால், கணக்கு அண்ணாவின் பெயரில் இருக்கிறது. எனக்குப் பார்வையாளர் அனுமதி மட்டும். போன மாதம் செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அதிலிருந்து, கமராவுக்குள் நாங்கள் வாங்கிப் போட்ட மெமரி கார்டில் இருப்பதைப் பார்க்கவே மாதக் கட்டணம் கேட்கிறது. சுவர் எங்களுடையது, மின்சாரம் எங்களுடையது, கார்டும் எங்களுடையது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? இரவில் புள்ளிமான்கள் வந்து மரக்கறித் தோல் தின்றாலும் "ஆள் நடமாட்டம்" என்று படம் எடுத்து எங்கோ அனுப்பிவிடுகிறது.

காவல் வேண்டும், படம் வெளியே போகக்கூடாது. ஆபத்து என்றால் மட்டும் அண்ணா பார்க்கலாம். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பாலையூற்றிலிருந்து, கமரா பூட்டும் தொழில் செய்பவர்

அக்கா, முதலில் கமராவைத் திருப்புங்கள். இன்றைக்கே. ஏணியும் திருப்புளியும் போதும். குசினிக் கதவும் அதன் முன்படியும் மட்டும் தெரியும்படி கீழே சரித்தால் கிணறு அகப்படாது. செயலியிலேயே கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம் என்று சிலர் சொல்லுவார்கள். கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால் அந்தக் கட்டத்தை நொடியில் எடுத்துவிடலாம், அதை நம்பவேண்டாம்.

அடுத்தது, அண்ணா தன் கணக்கிலிருந்து கமராக்களை நீக்கவேண்டும். கமராவின் அடியிலுள்ள துளையில் ஊசியால் அழுத்தி அமைப்புகளை அழித்தாலும், பல கமராக்கள் பழைய கணக்கை விடுவதில்லை.

பெட்டியில் ஓஎன்விஎஃப் என்று இருக்கிறதா பாருங்கள். எந்த நிறுவனத்தின் கமராவும் வேறு மென்பொருளோடு பேசுவதற்காக, 2008இல் சில கமரா நிறுவனங்கள் கூடித் தொடங்கிய பொது முறை அது. இருந்தால் நிறுவனத்தின் செயலி தேவையில்லை. பழைய கணினியொன்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஃப்ரிகேட்டை ஓடவிடலாம். கமராப் படங்களைப் பதிவுசெய்யும் திறந்த மூல மென்பொருள் அது. ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையும் அந்தக் கணினிக்குள்ளேயே முடியும். மனிதரைக் கண்டால் மட்டும் அறிவிக்கச் சொன்னால் மான்களின் தொல்லையும் குறையும். பிறகு ரவுட்டரில் இரண்டு கமராவுக்கும் இணையத்தை மறித்துவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் வாசல் (port) திறந்துவிடச் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களைத் தேடித் தேடிப் பிடித்தது. அண்ணா வயர்கார்ட் மூலம் வரட்டும். அது இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை போடும் மென்பொருள். சிம் போட்ட ரவுட்டர் என்றால் வெளியிலிருந்து நேரே வந்துசேரக்கூடிய பொது இணைய முகவரி பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு, பொது முகவரி இல்லாமலே அதே மாதிரிப் பாதை போடும் டெயில்ஸ்கேல் சுலபம். அதில் அண்ணாவின் அனுமதியைத் தருவதும் எடுப்பதும் உங்கள் கையில்.

பதில்: ரொறன்ரோவிலிருந்து ஒரு மகன்

உங்கள் அண்ணாவின் இடத்தில் இருப்பவன் நான். அம்மாவின் வீட்டுக் கமராவைப் பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. உங்கள் கேள்வியைப் படித்தபின் என் அம்மாவைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ பார்க்கிறாய் என்று விறாந்தையில் கால்நீட்டி இருப்பதில்லை" என்றார். இரண்டு வருடமாக அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பார்ப்பது குடும்பம் மட்டும் என்று நினைக்கக்கூடாது. வீட்டுக் கமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2017இல் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்துவந்தார் என்று அமெரிக்க வணிக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்த நிறுவனம் 58 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தன் வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதில் அது தலையிடாது. பிள்ளைகள் பார்ப்பதைப் பிள்ளைகளோடு பேசித்தான் தீர்க்கவேண்டும்.

மீண்டும் கோட்டையடி மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கமராவைத் திருப்பியது அன்றைக்கே. அண்ணாவோடு பேச நான்கு நாள் எடுத்தது. முதலில் கோபித்தார், "கள்ளன் வந்தால் யார் பொறுப்பு?" என்றார். பேரப்பிள்ளைகளைப் பற்றி அம்மா கேட்டதைச் சொன்னவுடன் குரல் மாறிவிட்டது. அன்றிரவே கணக்கிலிருந்து நீக்கினார்.

கேற்றுக் கமராவில் ஓஎன்விஎஃப் இருந்தது. அதற்காகப் பழைய மடிக்கணினியில் ஃப்ரிகேட் ஓடுகிறது. குசினிக் கமராவில் இல்லை. அதைக் கழற்றிவிட்டு, கதவுக்கு உள்ளே இரும்புப் பட்டை போட்டோம். இணையத்தை மறித்தபின் ஒருமுறை மின்சாரம் போய்வந்தது. படத்தில் தேதி 1970 என்று நின்றது. கமரா இனி மடிக்கணினியிடமே நேரம் கேட்கும்படி மாற்றிக்கொண்டோம். பாலையூற்றுத் தம்பி, அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

அம்மா முதல் இரண்டு நாள் சுவரில் இருந்த ஆணித்துளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் காலை, நான் கடமை முடிந்து வரும்போது கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.