பட்டறைத் தூசிக்கு எது வாங்கலாம்?

தம்பி: மாமா, ஒரு யோசனை வேண்டும். பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கப் போகிறேன். 1 ஹெச்பியா, 2 ஹெச்பியா?

அக்கா: எதையாவது சீக்கிரம் வாங்குடா. காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள். பாப்பா அந்தப் பக்கம் போய் வந்தாலே தும்முகிறாள்.

மாமா: ஹெச்பி அப்புறம். என்னென்ன கருவி வைத்திருக்கிறாய்?

தம்பி: மரம் அறுக்கும் டேபிள் சா, பலகை சீவும் 12 அங்குல பிளேனர், கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டர். இப்போதைக்கு வேக்குவம் கிளீனரைத்தான் மாட்டுகிறேன். சாண்டருக்குச் சரியாக இருக்கிறது. பிளேனரில் இரண்டு பலகை போவதற்குள் அடைத்துக்கொள்கிறது.

மாமா: அடைக்கத்தான் செய்யும் மாப்பிள்ளை. வேக்குவம் சின்னக் குழாயில் பலமாக இழுக்கும், ஆனால் அதில் போகும் காற்று கொஞ்சம். பிளேனர் தள்ளுகிற சீவலுக்கு நிமிடத்துக்கு 350, 400 கன அடி காற்று வேண்டும். அது பெரிய விசிறி வைத்த டஸ்ட் கலெக்டர் செய்கிற வேலை. அதையே சாண்டரின் சின்னக் குழாயில் மாட்டினால் உருப்படியாக இழுக்காது. அதனால் வேக்குவமும் இருக்கட்டும்.

தம்பி: ஒரு மெஷினில் 1200 கன அடி என்று போட்டிருக்கிறதே?

மாமா: பெரும்பாலும் குழாயும் ஃபில்டரும் மாட்டாமல் அளந்த கணக்கு அது. 4 அங்குலக் குழாயில் காற்று நிமிடத்துக்கு 4000 அடி வேகத்தில் ஓடினாலும் 350 கன அடிதான் தேறும். நெளிநெளியான ஹோஸ் நீளமாக இருந்தால் இன்னும் குறையும். கலெக்டரைச் சக்கரத்தில் வைத்து, எந்தக் கருவி ஓடுகிறதோ அதன் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போ. ஹோஸ் குட்டையாக இருக்கட்டும்.

மாமா: ஆனால் நீ முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரை. நான் முதலில் வாங்கியதில் துணிப்பை இருந்தது, 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அந்த எண் குறையக் குறைய நுண்ணிய தூளையும் பிடிக்கும். தரை பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் விளக்கைப் போட்டால் அறை முழுக்கப் புகை மாதிரி மிதக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூளைப் பிடித்துக்கொண்டு, நுரையீரலுக்குள் போகிற தூளைத் திரும்ப என் முகத்திலேயே ஊதியிருக்கிறது. ஒரு வருடம் இருமினேன். 1 மைக்ரான் மடிப்பு ஃபில்டர் மாட்டிய பிறகுதான் அந்தப் புகை போனது.

சித்தி: மாமா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில். 1995இலேயே வந்த அறிக்கை. மூக்கிலும் சைனஸிலும் வருகிற புற்றுநோய். வருடக்கணக்கில் தூசியில் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நீயும் தினமும்தானே நிற்கிறாய்.

அக்கா: கூரையில் தொங்கவிடுகிற காற்று ஃபில்டர் போதாதா?

மாமா: அது கூடுதலாக இருக்கலாம்மா. தூள் அதில் போய்ச் சேர்வதற்குள் இவன் மூச்சில் ஏறிவிடும். வெட்டுகிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை, பிளேனரிலும் சாவிலும் தூள் வருகிற வாய் எத்தனை அங்குலம்? அளந்து சொல்.

தம்பி: பிளேனர் 4. சா இரண்டரை.

மாமா: இரண்டரைக்குக் கலெக்டர் மூச்சு முட்டும். சாவுக்கு வேக்குவத்தையே வை, நடுவில் ஒரு சின்ன சைக்ளோன் வாளி, அதாவது காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கிற வாளி, மாட்டு. தூள் பெரும்பாலும் வாளியிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. பிளேனருக்கு 1 மைக்ரான் ஃபில்டரோடு ஒன்றரை அல்லது 2 ஹெச்பி கலெக்டர் வாங்கு. பழைய மரம் என்றால் ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டு. ஆணி விசிறியில் பட்டால் பொறி பறக்கும், உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்த தூள்.

சித்தி: பையைக் காலி செய்யும்போதும் என்95 மாஸ்க் போடு. வேலை முடிந்ததும் உடனே கழற்றாதே, தூள் அடங்க நேரம் ஆகும்.

தம்பி: சரி சித்தி. சைக்ளோன் வாளிக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். கலெக்டர் அடுத்த மாதம்.

அக்கா: அதுவரை பிளேனரை வெளியே வைத்து ஓட்டு. பாப்பா தூங்கும்போது வேண்டாம்.