கார்பன் சந்தைப் பணம் வந்தால் எப்படிச் செலவழிக்கச் சொல்வது? கிராம சபைத் தீர்மானத்துக்கு யோசனை வேண்டும்

சேர்வராயன்மலை:
வணக்கம் நண்பர்களே. ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நவம்பர் 1 கிராம சபையில் ஒரு தீர்மானம் வைக்கலாமா என்று எங்கள் ஊரில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். கார்பன் சந்தை, காலநிலை நிதி என்று செய்தியில் அடிக்கடி வருகிறது, மாவட்டத்துக்கே காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று வைத்து கலெக்டரை அதற்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். இந்த வழியில் நாளைக்கு அரசுக்குப் பணம் வந்தால் அதை எங்கே, யாரைக் கேட்டுச் செலவு செய்வார்கள்? மலையில் பசுமைத் திட்டம் என்றாலே நாற்று நடுவதுதான். நட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அடுத்த கோடையில் பாதிகூட மிஞ்சுவதில்லை. அதே கோடையில் எங்கள் வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஊற்றைத் தேடி இறங்குகிறார்கள். வெளிநாட்டில் இந்தப் பணத்துக்கென்று வழிகாட்டு விதிகள் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதில் நமக்கு எது உதவும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டூர்க்காரன்:
நல்ல கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லையென்றால் சபையில் யாராவது அதை வைத்தே உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். 2023-ல் மத்திய அரசு அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டத்தில் வெளியீட்டு அனுமதி எதையும் அரசு ஏலம் விடுவதில்லை. ஒரு டன் பொருள் செய்ய இவ்வளவு கார்பன்தான் வெளியிடலாம் என்று ஆலைக்கு ஆலை இலக்கு வைக்கிறார்கள், அதைவிடக் குறைத்த ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும், குறைக்காத ஆலை அதை விலைக்கு வாங்க வேண்டும். பணம் ஆலைக்கும் ஆலைக்கும் நடுவில்தான் கைமாறுகிறது. வாங்காமலும் விட்டால் சராசரிச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும், பொதுப்பணம் என்று சொன்னால் அந்த இழப்பீடுதான். ஏலம் பின்னால் வரலாம், ஆனால் இன்றைக்கு இல்லை.

அதற்காகத் தீர்மானத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நிலக்கரி வரியைப் பாருங்கள். 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்து 2016-ல் 400 ரூபாய் வரை கொண்டுபோனார்கள். தூய எரிசக்திக்கு என்று தனி நிதியே வைத்தார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. எதற்காக வாங்கினார்களோ அந்தக் காரணம் காணாமல் போனது. விதி முன்னாலேயே இருக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி வாசகர்:
நீங்கள் கேள்விப்பட்டது கலிபோர்னியாவாக இருக்கும். அங்கே கார்பன் வெளியிடுவதற்கான அனுமதிகளை ஏலம் விடுவது 2012 நவம்பரில் தொடங்கியது, வரும் பணம் தனி நிதிக்குப் போகிறது. அந்த வருடமே ஒரு சட்டம் போட்டார்கள்: குறைந்தது 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் பலன் தர வேண்டும், 10 சதவீதம் அந்தப் பகுதிக்குள்ளேயே செலவாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பலன் என்றால் எங்கோ ஒரு இடத்தில் திட்டம் போட்டுவிட்டு இவர்களுக்கும் பயன்தான் என்று எழுதிவிட முடியும். 2016-ல் அதைத் திருத்தி, அந்த 25 சதவீதமும் பின்தங்கிய பகுதிக்குள்ளேயே நடக்கும் திட்டமாக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதற்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் தனியாக ஒரு பங்கு. எனக்கு இதைவிட முக்கியமான விதி எதுவும் தெரியவில்லை. சேலம் மாவட்டத்துக்கு இத்தனை கோடி என்று சொன்னால் நாகலூருக்கோ மஞ்சகுட்டைக்கோ ஒரு ரூபாய்கூட வராமலே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

எது பின்தங்கிய பகுதி என்பதையும் அமைச்சரோ அதிகாரியோ கைகாட்டி முடிவு செய்வதில்லை. காற்று மாசு, குடிநீர்க் கேடு, ஆஸ்துமா, வறுமை, வேலையின்மை எல்லாவற்றையும் சேர்த்து மாநிலம் முழுக்க மதிப்பெண் போட்ட வரைபடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அப்புறம், பணத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே துறை எழுதி வைக்க வேண்டும்: எதற்குச் செலவு, அதனால் வெளியீடு எப்படிக் குறையும், முடிவை எப்படி அறிவிப்போம் என்று. ஊர்க்காரர்களின் முக்கியத் தேவை ஒன்றைத் தீர்க்க வேண்டும், அவர்களை இடம்பெயர வைப்பது மாதிரியான சுமையை ஏற்றக்கூடாது என்றும் வழிகாட்டுதலில் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த ஒரு சட்டம் வருடாவருடம் பணத்தில் 25 சதவீதத்தை அதிவேக ரயிலுக்கு ஒதுக்கிவிட்டது. ரயில் ஓடிய பிறகுதானே வெளியீடு குறையும்? பெரிய திட்டம் ஒன்று முதலில் கையை நீட்டிவிட்டால் சின்ன ஊருக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

சேர்வராயன்மலை:
மிக்க நன்றிங்க. ஒரு சந்தேகம். எங்கள் தேவை தண்ணீர். கார்பன் பணத்தில் தண்ணீர் கேட்டால் அது வேறு துறை என்று திருப்பி அனுப்ப மாட்டார்களா?

அஸ்தம்பட்டி வாசகர்:
வெறும் தொட்டியும் குழாயும் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள், அது நியாயமும்கூட. ஊற்றுக்கு மேலே இருக்கும் சோலையைக் காப்பாற்று, அழிந்த இடத்தில் உள்ளூர் மரத்தைக் கொண்டு வா, ஐந்து வருடம் பராமரிக்க ஊர் ஆட்களுக்கே கூலி கொடு என்று கேளுங்கள். கார்பனும் மண்ணில் நிற்கும், ஊற்றும் பிழைக்க வாய்ப்பு உண்டு. காப்பித் தோட்டத்தில் எல்லா இடத்திலும் சில்வர் ஓக் மட்டும் வைப்பதை விட்டு பலா, அத்தி மாதிரி மரங்களை நிழலுக்கு வைப்பவருக்கு உதவித்தொகை கேளுங்கள். டீசல் மோட்டார் இருக்கும் இடத்தில் சோலார் பம்ப். 2006 வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது, தீர்மானத்தில் அதை அவசியம் குறிப்பிடுங்கள்.

கருப்பூர் கணக்கு:
கொஞ்சம் தாமதமாக வருகிறேன். கார்பன் பணம் வரும்போது வரட்டும், வந்துகொண்டிருக்கும் பணத்தைக் கேட்டீர்களா? 2015 சட்டத் திருத்தத்தில் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளைக்குச் சுரங்கக்காரர்கள், தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கு கட்டுகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கான பணம் அது, குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் மாதிரியான முன்னுரிமைத் துறைகளுக்கு 70 சதவீதமாவது போக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. மலையில் பாக்சைட், கீழே மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். அந்த வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகத்தான் போகிறது, எரிக்கும் எரிபொருள் கணக்கு தனி. ஆகவே காலநிலையும் கனிமமும் நம் மாவட்டத்தில் ஒரே பேச்சுதான்.

தீர்மானத்தில் நான் சேர்க்கச் சொல்வது தணிக்கை. நூறு நாள் வேலைக்கு 2005 சட்டத்திலேயே, ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையை எழுதினார்கள், இதற்கும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தில் தமிழில் பலகை, எவ்வளவு பணம், யார் ஒப்பந்தக்காரர், எத்தனை நாற்று. மூன்றாவது வருடம் உயிரோடு இருக்கும் மரத்தை எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சபையில் படித்த பிறகுதான் கடைசித் தவணை. நட்ட எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கும் வரை நடுவது மட்டும்தான் நடக்கும்.

சேர்வராயன்மலை:
கடைசித் தவணை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பதை முதல் வரியாக வைத்து வரைவு எழுதி வாரக் கடைசியில் இங்கே போடுகிறேன். கனிம அறக்கட்டளைப் பணத்தில் ஏற்காடு ஒன்றியத்துக்கு என்ன வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டுமானால் மனுவை கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதலாமா, கனிமவளத் துறைக்கு எழுதலாமா?

கருப்பூர் கணக்கு:
கலெக்டர்தான் அறக்கட்டளைக்குத் தலைவர், அங்கேயே போடுங்கள். வேறு அலுவலகத்தில் இருக்கும் தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். வருடவாரியாக, வேலைவாரியாக என்று கேளுங்கள், மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள்.