கோழி ஈரல் நோய்: வைரஸ் எந்த டைப் என்று பார்த்த அனுபவங்கள்

பல்லடம் கறிக்கோழி (கள மருத்துவர்)

3 முதல் 5 வார பிராய்லரில் திடீரென்று இறப்பு ஏறுகிறது. திறந்து பார்த்தால் ஈரல் வீங்கி, வெளிறி மஞ்சளடித்து, விரல் பட்டாலே உடைகிற பதத்தில், மேலெல்லாம் ரத்தப் புள்ளிகளோடு இருக்கிறது. உடனே ஐபிஎச் (அடினோ என்ற வைரஸால் வரும் ஈரல் அழற்சி) என்று எழுதி முடித்துவிடுகிறோம். அதோடு நிறுத்தினால் அடுத்த பேட்ச்சுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஈரலைப் பார்த்த கையோடு இதயத்தையும் பாருங்கள். இதய உறைக்குள் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் கட்டியிருந்தால் (10 மி.லி. வரைகூட வரும்) அடினோ வைரஸின் டைப் 4 என்று சந்தேகப்படலாம். 1987இல் பாகிஸ்தானில் கராச்சி அருகே அங்காராவில் தலைகாட்டிய நோய் இது. 1990களில் இந்தியாவுக்குள் வந்தபோது லீச்சி நோய் என்றார்கள். இறப்பு 20 முதல் 80 சதவீதம் வரை போகும். நீர் இல்லாமல் ஈரல் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் அடினோ டைப் 2, 8ஏ, 8பி, 11 இவற்றில் ஒன்று. இறப்பு பொதுவாக 10 சதவீதத்துக்குள் நிற்கும். எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிற கம்போரோ வைரஸோ கோழி ரத்தசோகை வைரஸோ கூடச் சேர்ந்தால் 30 வரை ஏறும்.

இறப்பு 3, 4ஆம் நாளில் உச்சம் தொட்டு, பல ஷெட்களில் 5ஆம் நாளிலிருந்து தானாகவே இறங்கும். அதனால் 4ஆம் நாள் எந்த லிவர் டானிக் கொடுத்தாலும் அதுதான் காப்பாற்றியது போலத் தெரியும். இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. வெல்லத் தண்ணீர், வைட்டமின் எல்லாம் கோழியைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான்.

மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நச்சு) இருந்தாலும் ஈரல் மஞ்சளடிக்கும். ஆனால் அதில் இறப்பு இப்படிச் செங்குத்தாக ஏறாது, தீவனம் எடுப்பதும் வளர்ச்சியும் முன்பே குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால் தீவன சாம்பிளையும் அனுப்பிவிடுங்கள்.

வைராலஜி ஆய்வகம்

டாக்டர் சொன்னதோடு சாம்பிள் விஷயத்தையும் சேர்க்கிறேன். இங்கே வந்து சேருவதில் வீணாவதே அதிகம்.

அப்போது செத்த, அல்லது சாகும் நிலையில் உள்ள 5, 6 கோழிகள் வேண்டும். ஈரலில் 1 செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாத துண்டை, அதைப்போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். திசு ஆய்வில் ஈரல் செல்லின் உட்கருவுக்குள் சேர்க்கைப் பொருள் (வைரஸ் திரண்டு தெரிகிற கட்டி) தெரிந்தால்தான் நோய் உறுதி. இன்னொரு துண்டு ஈரலை ஃபார்மலின் படாமல் ஐஸில் வையுங்கள், பிசிஆருக்கு (வைரஸ் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) அதுதான். ஒரே கத்தரியால் குடலையும் ஈரலையும் வெட்டாதீர்கள். நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலிலும் அடினோ இருக்கும். மலத்துவார ஸ்வாபில் பாசிட்டிவ் வந்ததை வைத்து ஈரல் நோய் என்று சொல்ல முடியாது.

கோழி அடினோ ஏ முதல் இ வரை 5 இனம், மொத்தம் 12 சீரோடைப் (ஆன்டிபாடியை வைத்துப் பிரித்த வகை, நாம் டைப் என்பது இதைத்தான்). டைப் 1 ஏ இனம், 5 பி இனம், 4உம் 10உம் சி, 2, 3, 9, 11 டி, 6, 7, 8ஏ, 8பி இ இனம். மரபணுத் தொகுதி 43 முதல் 46 ஆயிரம் இணை எழுத்து (டிஎன்ஏ எழுத்து ஜோடி). டைப் பார்க்க அத்தனையும் வேண்டாம். வைரஸ் கூட்டின் பெரும்பகுதி ஹெக்ஸான் புரதம். அதன் எல்1 வளையம்தான் வெளியே நீட்டிக்கொண்டு ஆன்டிபாடியைச் சந்திக்கிற இடம், டைப்புக்கு டைப் அதிகம் மாறுவதும் அங்கேதான். அந்தப் பகுதியை 897 இணை எழுத்து நீளத்துக்கு பிசிஆரில் பெருக்கி, இரு பக்கமும் சீக்வென்ஸ் செய்தால் (எழுத்து வரிசையைப் படித்தால்) டைப் தெரிந்துவிடும்.

சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சி எழும்பி, அது வரிசையாகப் பல இடங்களில் தொடர்ந்தால் அந்த ஈரலில் இரண்டு டைப் இருக்கக்கூடும். மென்பொருள் தருகிற முதல் பெயரை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது. துண்டுகளை குளோனிங் செய்து (ஒவ்வொன்றையும் பிரித்துப் பெருக்கி) தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மறுசேர்க்கையும் (இரண்டு டைப்பின் மரபணு கலப்பது) நடக்கிறது: ஹெக்ஸான் ஒரு டைப்பைக் காட்டும், ஃபைபர் (கூட்டிலிருந்து நீளும் இழைப் புரதம்) ஜீன் இன்னொன்றைச் சேர்ந்திருக்கும். டி, இ இனங்களில் இது பதிவாகியிருக்கிறது. தடுப்பூசிக்கு விதை வைரஸ் தேர்ந்தெடுக்கும்போது ஃபைபரையும் கட்டாயம் படியுங்கள். ஏ, சி இனங்களில் ஃபைபர் ஜீன் இரண்டு, மற்றவற்றில் ஒன்று.

2015 முதல் சீனாவில் பரவிய வீரியமான டைப் 4இல் 1966 எழுத்து கொண்ட ஒரு துண்டு காணவில்லை. வீரியத்துக்கு அதுவே காரணம் என்று முதலில் பலரும் நினைத்தார்கள். பிறகு செய்த சோதனைகளில் அந்தத் துண்டுக்கும் வீரியத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. அது ஒரு அடையாளக் குறி மட்டுமே.

தாய்க்கோழிப் பண்ணை மேற்பார்வை

டைப் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: குஞ்சுக்கு நோய் பெரும்பாலும் முட்டை வழியாகத்தான் வருகிறது. முட்டையிடும் காலத்தில் தாய்க்கோழிக்கு முதல்முறையாகத் தொற்று வந்தால், அதன் உடலில் எதிர்ப்புச் சக்தி முழுதாக உருவாகும்வரை பொரிக்கிற குஞ்சு வைரஸோடு வெளியே வரும். தாய்க்கு ஒன்றும் தெரியாது, முட்டையும் குறையாது. 3 வாரத்துக்குள் இறப்பு வந்தால் முதலில் தாய்க்கூட்டத்தைத்தான் கேளுங்கள். வெவ்வேறு பண்ணைகளில் ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சுகள் மட்டும் சாவது, ஹெக்ஸான் சீக்வென்ஸும் ஒத்துப்போவது, இரண்டும் சேர்ந்தால் வேறு ஆதாரம் அவ்வளவாகத் தேவைப்படாது.

தாய்க்கோழிக்கு, வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி 10 முதல் 12 வாரத்தில் ஒன்று, 16 முதல் 18 வாரத்தில் ஒன்று, முட்டைக்கு வருமுன் முடிந்துவிட வேண்டும். டைப் 4 தடுப்பூசியை நம்பி 8பி வரும் இடத்தில் விட்டால் காப்பாற்றாது. 2உம் 11உம் ஒன்றுக்கொன்று ஓரளவு கைகொடுக்கும். போட்ட ஊசி பிடித்ததா என்று பார்க்கக் குழு எலைசா (ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பொதுச் சோதனை) போதாது, அது எல்லா டைப்புக்கும் பொதுவான ஆன்டிஜெனைத்தான் பார்க்கிறது. அந்த டைப்பை வைத்தே நியூட்ரலைசேஷன் (ஆன்டிபாடி வைரஸை முடக்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள்.

செத்த கோழியின் ஈரலை அரைத்து, ஃபார்மலின் சேர்த்துப் போடுகிற ஊசியை நான் ஆதரிக்க மாட்டேன். ஃபார்மலின் சரியாகச் செயல்படாவிட்டால் உயிருள்ள அடினோவையும், கூடவே ரத்தசோகை வைரஸையும் நாமே ஏற்றுகிறோம்.

நாமக்கல் லேயர்

எங்கள் பக்கம் வேறு கதை. 30 வாரம் தாண்டிய முட்டைக்கோழியில் வயிற்றுக்குள் ரத்தம், ஈரல்மேல் உறைகட்டி என்றால் எல்லோரும் கொழுப்பு ஈரல் என்றுதான் சொல்கிறார்கள். மண்ணீரலைப் பாருங்கள். அது வீங்கியிருந்தால் பறவை ஹெபடைடிஸ் இ வைரஸையும் சந்தேகப்பட வேண்டும். கொழுப்பு ஈரலில் வயிறு நிறையக் கொழுப்பும் எண்ணெய்ப் பசையும் இருக்கும், மண்ணீரல் சாதாரணமாகவே இருக்கும்.

இது ஆர்என்ஏ வைரஸ், சுமார் 6,600 எழுத்து. 1980களில் ஆஸ்திரேலியாவில் பெரிய ஈரல் மண்ணீரல் நோய் என்று பதிவான கிளை, அமெரிக்கக் கிளை, ஐரோப்பியக் கிளை என்று மரபணு வகைகள் பிரிந்திருந்தாலும், கூட்டுப் புரதத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருக்கின்றன. அதனால் ரத்தப் பரிசோதனை ஒரு வகையை வைத்தே மற்றதையும் பிடிக்கிறது. அடினோவுக்கு நேர்மாறு இது. வாரத்துக்கு 1 சதவீதத்தை ஒட்டிய இறப்பு, முட்டையில் 20 சதவீதம் வரை சரிவு. சாதாரண செல் கல்ச்சரில் வளராது. பித்தநீரில் வைரஸ் ஏராளம், சிரிஞ்சில் எடுத்து ஐஸில் அனுப்புங்கள்.

பல்லடம் கறிக்கோழி

ஷெட் கழுவுவதைப் பற்றியும் ஒன்று. அடினோவுக்கு வெளிக்கொழுப்பு உறை இல்லை, அமிலத்தையும் காரத்தையும் தாங்கும். குவார்ட்டனரி அமோனியம் மட்டும் தெளித்தால் போதாது. பழைய ஆழ்கூளத்தை முழுதாக அகற்றி, சோப்பால் கழுவிக் காயவிட்டு, பிறகு குளுட்டரால்டிஹைடு அல்லது அயோடின் கலவை. எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிற இடத்தில் மருந்து வேலை செய்யாது.

வைராலஜி ஆய்வகம்

சாம்பிள் படிவத்தில் கோழி வயதோடு குஞ்சு வந்த தேதி, தாய்க்கூட்டத்தின் எண், அதன் வயது, போட்ட தடுப்பூசியில் உள்ள டைப் ஆகியவற்றையும் எழுதுங்கள். இவை இல்லாவிட்டால் சீக்வென்ஸ் வந்தபிறகு அதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது.