‘எ மான்ஸ்டர் கால்ஸ்’: முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்

கேள்வி
அண்ணன் மகளுக்கு 13 வயதாகப் போகிறது. இங்கிலீஷ் நாவல்களை மளமளவென்று முடிக்கிறாள். பிறந்தநாளுக்கு பாட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ வாங்கலாமா? யாரைக் கேட்டாலும் “அழுதுட்டேன், வேற எதுவும் கேக்காதீங்க” என்கிறார்கள். இது பேய்க்கதையா, சோகக்கதையா?

பதில் 1
பஸ்ஸில் மட்டும் படிக்க வேண்டாம். அவ்வளவுதான் சொல்வேன்.

பதில் 2
இப்படி மழுப்பினால் யார் வாங்குவார்கள்? பள்ளி நூலகத்தில் இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. எதுவரை சொல்லலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கடுமையான நோய், சிகிச்சை நடக்கிறது. இதைச் சொல்லலாம், தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பையன் பெயர் கானர், இங்கிலாந்து, 13 வயது. அப்பா அமெரிக்காவில் வேறு குடும்பத்தோடு. பாட்டிக்கும் இவனுக்கும் ஒத்துவராது. ஒருநாள் இரவு 12:07க்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்து யூ மரம் (ஊசியிலை மரம்) எழுந்து வந்து ஜன்னலில் நிற்கிறது. பையன் பயப்படவே இல்லை! இதைவிட மோசமானது அவன் கனவில் வருகிறது. மரம் மூன்று கதை சொல்லும், நான்காவதை அவன் சொல்ல வேண்டும். அதுதான் அந்தக் கனவு.

இங்கே வாயை மூடிக்கொள்வேன். அம்மாவுக்கு என்ன ஆகும் என்ற பதைப்பைவிட, இந்தப் பையன் எதைச் சொல்ல மறுக்கிறான் என்பதுதான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது. மரம் சொல்லும் கதைகளிலும், யார் நல்லவர் என்று நாம் முடிவுகட்டியதும் எல்லாம் கவிழ்ந்துவிடும். கானரே கடுப்பாகிவிடுவான். எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடப் பகுதிகள். பாவம் பார்த்து எல்லோரும் ஒதுங்கிப் போவது அவனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, அது அபாரம்.

அப்புறம், கதையின் கரு ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளருடையது. தொடக்கமும் பாத்திரங்களும் கைவசம் இருந்தபோதே 2007இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். நெஸ் எழுதி முடிக்க, 2011இல் வெளிவந்தது.

பதில் 3
2016இல் படமாகவும் வந்ததே, அதைப் போட்டுக் காட்டினால் போதாதா?

பதில் 2
நல்ல படம்தான், ஆனால் அதை முதலில் பார்த்தால் கனவு என்னவென்று தெரிந்துவிடும். இன்னொன்று, புத்தகத்தில் இருக்கும் ஜிம் கேயின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள். 2012இல் நெஸ்ஸுக்கு பிரிட்டனின் சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி விருது, அதே புத்தகத்துக்காக ஜிம் கேவுக்கு ஓவியத்துக்கான கிரீன்அவே விருது. ஓவியமில்லாத பதிப்பும் விற்கிறது, பார்த்து வாங்குங்கள்.

கேட்டவர்
நன்றி. ஒரு தயக்கம். அவளுடைய பாட்டி சமீபத்தில்தான் தவறிப்போனார். இப்போது கொடுக்கலாமா?

பதில் 2
கொடுங்கள், ஆனால் பிறந்தநாள் அன்று வேண்டாம். அதற்கு வேறு ஏதாவது சிரிப்புப் புத்தகம் பாருங்கள். இதை லீவு நாளில், கதை இன்னதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். 200 பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முடித்ததும் அவள் உங்களிடம்தான் பேச வருவாள்.