எரிமலையைக் கிட்டப் போய்ப் படம்பிடிக்க வேண்டுமா? உன்சென் 1991-ஐ முன்வைத்து

அகழ்வான்: ஜப்பானின் உன்சென் எரிமலையில் 1991 ஜூன் 3 அன்று 43 பேர் இறந்தார்கள். எரிமலைகளைக் கிட்டப் போய்ப் படம்பிடித்த ஆய்வாளர்களான மோரிஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதியும் அதில் அடக்கம். வீண் சாவு என்கிறார்கள் சிலர். என்னால் ஏற்க முடியாது. அவர்கள் கிட்டப் போய் எடுத்த காட்சிகள் கொண்ட காணொளியைத்தான், அந்தச் சமயத்தில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலையைச் சுற்றி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன் பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள். அறிக்கையைப் படித்து யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதில்லை.

நெடுலென்ஸ்: காணொளியின் பலனை மறுக்கவில்லை. ஆனால் அந்த 43 பேரில் 12 பேர் உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்கள், 4 பேர் டாக்சி ஓட்டுநர்கள், 2 பேர் போலீசார். வெளியேறச் சொன்ன பகுதியில் செய்தியாளர்கள் கேமரா முக்காலிகளை நிறுத்தியிருந்தார்கள். சிலர் ஆளில்லாத வீடுகளின் மின்சாரத்தை எடுத்ததால்தான் தொண்டர்கள் காவலுக்குத் திரும்பி வந்தார்கள். கேமராக்காரர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

சாம்பல்மேகம்: எங்கே கணக்குத் தப்பியது என்பதையும் பார்க்க வேண்டும். மே 20 வாக்கில் உச்சியில் லாவா குவிமாடம், அதாவது வழிந்தோடாமல் வாயிலேயே குவியும் கெட்டியான லாவா மேடு, வளரத் தொடங்கியது. அது இடிந்து விழும்போதெல்லாம் பைரோகிளாஸ்டிக் பாய்ச்சல், அதாவது கொதிக்கும் பாறைத்துண்டும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம், மிசுனாஷி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. முந்தையவை பள்ளத்தாக்குக்குள்ளேயே அடங்கியதால் மேட்டில் நின்றால் போதும் என்று நம்பினார்கள். கனமான கற்கள்தான் பள்ளத்தைப் பிடித்துப் போகும். மேலே இருக்கும் சாம்பல்-வாயு மேகம் லேசானது. வளைவில் திரும்பாமல் நேரே மேடேறிவிடும். மாலை 4.08-க்கு நடந்தது அதுதான். குவிமாடத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி நின்றவர்களுக்கே தப்ப வழியில்லை.

நெடுலென்ஸ்: அதனால்தான் 10 கிலோமீட்டர் தள்ளி நின்று எடுங்கள் என்கிறேன். 36 மி.மீ. அகல சென்சாரில் 600 மி.மீ. லென்ஸ் போட்டால் அந்தத் தூரத்தில் 600 மீட்டர் அகலம் படச்சட்டத்துக்குள் வரும். குவிமாடத்துக்கு அது தாராளம். தடை தூரமல்ல, காற்று. வெயில் ஏறித் தரை சூடானதும் படம் நெளியும். விடியலை ஒட்டி எடுங்கள், கேமராவைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். லென்ஸில் சாம்பல் விழுந்தால் துணியால் துடைக்கவே கூடாது. அது கண்ணாடித் தூள், கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள்.

அகழ்வான்: பினாடுபோ மாதிரி மழைநாட்டு மலைகளில் 10 கிலோமீட்டர் தள்ளி நின்றால் பல நாள் மேகம்தான் தெரியும். அடர்ந்த மேகத்தை வெப்பக் கேமராவும் ஊடுருவாது. ஒலியும் சுமார் 29 விநாடி பிந்தி வரும்; அதைப் படத்தோடு ஒட்டி வைக்கிறவர்கள் பார்ப்பவர்களை ஏமாற்றுகிறார்கள்.

சாம்பல்மேகம்: கிட்டத்தில் கேமரா இருக்கட்டும், ஆள் வேண்டாம். 5 வாட் கேமராவுக்கு நாளொன்றுக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கினால், வெயிலே இல்லாமல் 5 நாள் ஓடும். இணைப்புகளை நன்றாக அடைத்துவிடுங்கள். ஈரச் சாம்பல் மின்சாரம் கடத்தும்.

அகழ்வான்: சூரியத்தகட்டில் சாம்பல் படிந்து ஆறாம் நாள் கேமரா அணைந்துவிடும். துடைக்க யார் மேலே போவது?

நெடுலென்ஸ்: யாரும் போகக் கூடாது. தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்து, பேட்டரியை இரட்டிப்பாக்குங்கள். அப்படியும் அணைந்தால் அந்தக் கேமரா போனது போகட்டும்.