பழுதுபார்க்கும் பையோடு தினமும் சோதனையில் நிற்கிறேன்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, பாரிமுனையில் யுபிஎஸ் பழுதுபார்க்கும் வேலை. பையில் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், 4 லித்தியம் பேட்டரி, சுருள் சுருளாக ஒயர். ஸ்கேனர் திரையில் பார்த்தால் எனக்கே பயமாகத்தான் இருக்கிறது!

சுதந்திர தினப் பாதுகாப்பு தொடங்கிய 3 வாரமாக, ரயில் நிலையத்தில் தினமும் 20 நிமிடம் நிறுத்திவைக்கிறார்கள். காவலர்கள்மேல் கோபமில்லை, 2014 மே 1 அன்று சென்ட்ரலில் ரயிலுக்குள் குண்டு வெடித்து ஒரு பெண் இறந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் தாமதமாகப் போனால் அரை நாள் கூலி போகிறது.

முதலாளியின் கடிதம் காட்டினேன். பேட்டரிகளைத் தனி டப்பாவில் வைத்தேன். அரை மணி முன்னதாகவும் கிளம்பிப் பார்த்தேன், ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து விசாரணை. பஸ்ஸில் போகலாம் என்றால் வழியில் மின்ட் பகுதியில் நெரிசல்.

இப்படிக் கருவிகளோடு தினமும் பயணிப்பவர்கள் யாரிடம், என்ன எழுதி அனுமதி வாங்குகிறீர்கள்?